கேள்வி–பதில்: நின்ற ரயிலும் போன நல்ல பெயரும்

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் சேவைத் தடைகளைப் பற்றி வாசகர்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். ரயில் நின்று பெயர் கெட்டுப்போன ஒரு நிறுவனம் மறுபடி நம்பிக்கையைச் சம்பாதிக்க முடியுமா, எப்படி என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் மையம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

2011 டிசம்பர் ரயில் தடைக்குப் பிறகு எத்தனையோ கோளாறுகள் வந்துவிட்டன. ஆனாலும் பேச்சு வந்தால் எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஏன்?
— உட்லண்ட்ஸ் வாசகர்

மூன்று நாளுக்குள் இரண்டு முறை நடந்ததுதான் முதல் காரணம். டிசம்பர் 15 வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், எஸ்எம்ஆர்டி நிறுவனம் நடத்தும் வடக்கு–தெற்குப் பாதையில் ரயில்கள் நின்றன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,27,000 பேர். மறுநாள் ஓடியது. அதற்கடுத்த நாள் சனிக்கிழமை மறுபடி நின்றது. இந்த முறை சுமார் 94,000 பேர். முதல் முறை நின்றால் மக்கள் அதை விபத்து என்று விட்டுவிடுவார்கள். ‘சரிசெய்துவிட்டோம்’ என்று ஓட்டிய ரயில் மறுபடி நின்றால், இவர்களுக்கே காரணம் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்ததில் தவறும் இல்லை.

உடைந்தது என்ன என்று பார்த்தால் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஓடும் தண்டவாளத்தின் பக்கத்திலேயே 750 வோல்ட் மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளம் போகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பவை நகம் போன்ற உலோகப் பிடிகள். அந்தப் பிடிகள் சில கழன்றன. பிடி இல்லாத இடத்தில் மின் தண்டவாளம் தொய்ந்தது. ரயிலின் அடியில் மின்சாரம் வாங்கும் காலணி போன்ற பாகம் அதில் மோதிச் சேதமானது. ஒரு ரயிலோடு நிற்காமல், பின்னால் வந்த ரயில்களும் அதே இடத்தில் அடி வாங்கின. பிடிகள் ஏன் கழன்றன என்றால் அதிர்வு. அதிர்வு ஏன் என்றால் தேய்ந்து வட்டம் கெட்ட சக்கரங்களும் ஒரு காரணம். கழன்ற பிடிகள் சிலவற்றை முன்பு பிளாஸ்டிக் கட்டுப் பட்டையால் கட்டி வைத்திருந்தார்கள் என்பதும் விசாரணைக் குழுவின் முன் வெளியே வந்தது. நாட்டின் முதுகெலும்பு என்று சொல்லப்பட்ட பாதையில் கடைகளில் பையைக் கட்டும் பட்டை! எத்தனை விளம்பரம் செய்தாலும் மறையாத படம் அது.

சுரங்கத்தில் சிக்கிய ஒரு ரயிலில் விளக்கும் காற்றோட்டமும் குறைந்துபோய், ஒரு பயணி தீயணைப்பான் உருளையால் சன்னல் கண்ணாடியை உடைத்தார். அதே நேரத்தில் நிறுவனம் தன் டாக்சி ஓட்டுநர்களுக்கு அனுப்பிய செய்தி, ரயில் நின்றுவிட்டதால் இது வருமானத்துக்கு வாய்ப்பு என்ற தலைப்போடு போனது. பயணிகளை உடனே ஏற்றிக்கொள்ளச் செய்வதுதான் நோக்கமாக இருந்திருக்கும். ஆனால் உள்ளுக்குள் வழக்கமாகப் பயன்படுத்திய செய்தி வார்ப்புருவை யாரும் திருப்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டும் அந்தச் சொல் மறையவில்லை. நெருக்கடி நேரத்துச் செய்தி வார்ப்புருக்களை முன்பே எடுத்து, ‘இதைச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவர் படித்தால் எப்படி இருக்கும்’ என்று ஒருமுறை பார்த்துவைப்பது அரை நாள் வேலை. செய்யாவிட்டால் ஆகும் செலவைக் கணக்குப் போட முடியாது.

தலைமை நிர்வாகி 2012 ஜனவரியில் பதவி விலகினார். அந்த ஆண்டு ஜூலையில் நிலப் போக்குவரத்து ஆணையம் 2 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதித்தது. அப்போது சட்டம் அனுமதித்த உச்சம் ஒரு சம்பவத்துக்கு ஒரு மில்லியன்தான். பிறகு 2014இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பாதையின் ஆண்டுக் கட்டண வருமானத்தில் 10 விழுக்காடு வரை விதிக்கலாம் என்று ஆக்கினார்கள். 2015 ஜூலை 7ஆம் தேதி வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு ஆகிய இரண்டு பெரிய பாதைகளும் ஒன்றாக நின்றபோது விழுந்த அபராதம் 5.4 மில்லியன் வெள்ளி. அந்த முறை காரணம், சுரங்கத்தில் ஒழுகிய நீர் மூன்றாவது தண்டவாளத்தின் மின்காப்பின் மேல் சொட்டியது.

ரயில் நின்ற முதல் அரை மணி நேரத்தில் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? ‘சற்று நேரத்தில் சரியாகும்’ என்ற ஒரே வரியைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய்விட்டது.
— செங்காங் வாசகி

உங்கள் வெறுப்பு நியாயமானது. அந்த வரியில் தகவல் எதுவும் இல்லை. நடைமேடையில் நிற்பவருக்கு வேண்டியவை நான்கு: எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை நின்றிருக்கிறது, கூடுதலாக எவ்வளவு நேரம் பிடிக்கும், வேறு எந்த வழியில் போகலாம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும். காரணம் ஐந்தாவதுதான், அது தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம், 7.20க்கு மறுபடி சொல்கிறோம்’ என்றால் போதும். ஆனால் 7.20க்குச் சொல்ல வேண்டும், சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும்.

பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கட்டுப்பாட்டு அறையில் ரயிலை நகர்த்தப் பாடுபடும் அதே ஆளிடமே அறிவிப்பையும் கேட்கிறார்கள். அவர் கை ஓயும்வரை வெளியே செய்தி போகாது. அறிவிப்பு எழுதுவதற்கென்றே ஒருவரை, வேறு எந்தப் பொறுப்பும் தராமல், அந்த அறைக்குள்ளேயே உட்காரவைக்க வேண்டும். அவர் எழுதிய ஒரே வரிதான் செயலியிலும் நிலையத் திரையிலும் ஊழியர் கையிலும் போக வேண்டும். செயலி ‘20 நிமிடத் தாமதம்’ என்று சொல்ல, திரை ‘5 நிமிடம்’ என்று காட்ட, ஊழியர் ‘தெரியாது’ என்று கைவிரித்தால், மூன்றில் எது உண்மை என்பது பயணிக்கு முக்கியமில்லை. மூன்றையும் நம்ப மாட்டார்.

இன்னொன்று, நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். 40 நிமிடம் என்று சொல்லி 30இல் ஓடினால் யாரும் கோபிப்பதில்லை. 10 நிமிடம் என்று சொல்லி நான்கு முறை நீட்டினால், அந்த நான்கு முறையும் வேறு வழியில் போயிருக்கக்கூடிய ஆளைப் பிடித்து நிறுத்திவைத்ததாகிவிடும்.

இலவச இணைப்புப் பேருந்து என்று அறிவிக்கிறார்கள். போய்ப் பார்த்தால் வரிசை சாலை வரை நிற்கிறது. கூடுதல் பேருந்து விட முடியாதா?
— கிளமெண்டி வாசகர்

கணக்கைப் பாருங்கள். ஆறு பெட்டி ரயிலில் உச்ச நேரத்தில் 1,200 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை மாடிப் பேருந்தில் நெருக்கி ஏற்றினால் 85 பேர். ஒரு ரயிலுக்கு 14 பேருந்து. இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 24 ரயில், அதாவது ஒரு திசைக்கு மட்டும் மணிக்கு 336 பேருந்துப் பயணம். ஒரு நிறுத்தத்தில் பேருந்து நின்று, ஆள் ஏறி, கிளம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பேருந்து கிடைத்தாலும் நிற்க இடம் கிடைக்காது.

ஆகவே இணைப்புப் பேருந்து ரயிலின் இடத்தை நிரப்பவே முடியாது. அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘இலவசப் பேருந்து இருக்கிறது’ என்று மட்டும் சொல்வதால்தான் எல்லாரும் ஒரே வாசலுக்கு ஓடுகிறார்கள். நல்ல ஏற்பாடு என்பது கூட்டத்தைப் பிரிப்பது: வேறு ரயில் பாதைக்குப் போகக்கூடியவரை அங்கே அனுப்புவது, வழக்கமான பேருந்துகளிலும் அந்தப் பகுதியில் இலவசமாக ஏறவிடுவது, முதியவர், சக்கர நாற்காலியில் வருபவர், தேர்வுக்குப் போகும் மாணவர் ஆகியோருக்குத் தனி வரிசை. 2024 செப்டம்பர் தடை தொடக்கநிலை இறுதித் தேர்வு நடந்த அதே வாரத்தில் வந்தது. அத்தனை பிள்ளைகளும் பெற்றோரும் அந்த வாரத்தை மறக்க மாட்டார்கள்.

அந்த 2024 தடை ஆறு நாள் நீடித்தது. உண்மையில் என்ன ஆயிற்று? பழைய ரயில் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களே.
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

ஒரே வார்த்தையில் முடிக்கவில்லை. விசாரணை அறிக்கை நிறையச் சொல்கிறது. அதைப் படித்தவர்கள்தான் குறைவு.

சக்கர அச்சின் நுனியில் பேரிங்கை மூடிக் காக்கும் ஆக்ஸில் பாக்ஸ் என்ற இரும்புக் கூடு இருக்கிறது. உள்ளே கிரீஸ் கெட்டால் பேரிங் சூடாகும், பிறகு சிதையும். செப்டம்பர் 25 காலை, கிழக்கு–மேற்குப் பாதையில் கோளாறு தெரிந்து பணிமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலில் அந்தக் கூடு டோவர் அருகே கழன்று விழுந்தது. பிடிமானம் போன சக்கரங்கள் தடம் இறங்கி, அப்படியே இழுபட்டுப் போனதில் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் பாதை நாசமானது. தண்டவாளம் 46 இடங்களில் முறிந்திருந்தது. தண்டவாளம் மாற்றும் பொறிகளும் மின்கம்பிகளும் சேதமாயின. ஜூரோங் ஈஸ்ட் – புவன விஸ்தா இடையே ஆறு நாள் ரயில் இல்லை.

அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பெரிய பராமரிப்புக்கான இடைவெளி 5,00,000 கிலோமீட்டர் என்று இருந்ததைப் படிப்படியாக 7,50,000 வரை நீட்டியிருந்தார்கள். அந்த ரயில் கடைசிப் பராமரிப்புக்குப் பிறகு 6,90,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. இடைவெளியை நீட்டுவதே குற்றம் இல்லை. புது ரயில் வரப்போகிறது என்று பழையதைக் கொஞ்சம் இழுத்து ஓட்டுவது எல்லா ஊரிலும் நடப்பது. நீட்டும்போது, எந்தப் பாகம் முதலில் கைவிடும், அதை எப்படிக் கண்காணிப்பது என்று தனியாக ஆராய்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, பாதையோரத்தில் சூடான ஆக்ஸில் பாக்ஸைக் கண்டுபிடிக்கும் கருவி அன்று அதிக வெப்பத்தைப் பதிவுசெய்தது. ஆனால் அது எந்த ரயில் என்ற எண்ணைக் கருவி பதிவுசெய்யவில்லை. ஊழியரும் அதைக் கருவியின் பிழை என்று எண்ணி விட்டுவிட்டார். எச்சரிக்கை வந்தது, வந்த எச்சரிக்கைக்கு முகவரி இல்லை. இந்த ஒரு இடத்தைச் சரிசெய்ததை மக்களுக்குக் காட்டினாலே, ‘பாதுகாப்பே எங்கள் முதல் கடமை’ என்று ஆயிரம் சுவரொட்டி ஒட்டுவதைவிட அதிகம் நம்புவார்கள்.

அந்த ஆறு நாளில் ஒன்றைச் சரியாகவும் செய்தார்கள். சேவை தொடங்கும் நாளைத் தள்ளிவைக்க நேர்ந்தபோது, சோதனை ரயிலை ஓட்டியதில் புதிய விரிசல்கள் தெரிந்தன, அந்தத் தண்டவாளங்களையும் மாற்ற வேண்டும் என்று காரணத்தை அப்படியே சொன்னார்கள். தேதி தள்ளிப்போனதற்குப் பயணிகள் முணுமுணுத்தார்கள்தான், ஆனால் அந்தக் காரணத்தோடு யாரால் சண்டை போட முடியும்?

அபராதம் போட்டு என்ன பயன்? கடைசியில் நம் கட்டணத்திலிருந்துதானே போகிறது?
— தெம்பனிஸ் வாசகர்

2024 சம்பவத்துக்கு 3 மில்லியன் வெள்ளி விதிக்கப்போவதாக அறிவித்து, நிறுவனத்தின் முறையீட்டைக் கேட்ட பிறகு 2.4 மில்லியனாக ஆணையம் குறைத்தது. அந்தப் பணம் வசதி குறைந்த குடும்பங்களின் பயணச் செலவுக்கு உதவும் பொதுப் போக்குவரத்து நிதிக்குப் போகிறது. சேதத்தைச் சரிசெய்யவும் பேருந்து விடவும் நிறுவனம் 10 மில்லியனுக்கு மேல் செலவழித்துவிட்டது என்பதால் அபராதத் தொகை தனியாகப் பெரிய தண்டனை இல்லை. அதோடு வரும் விசாரணை அறிக்கைதான் மதிப்பு மிக்கது. அறிக்கை இல்லாத அபராதம் வெறும் ரசீது.

மன்னிப்புக் கேட்பதில் சரி, தவறு என்று இருக்கிறதா? சிலர் கேட்டால் மனம் ஆறுகிறது, சிலர் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.
— பாசிர் ரிஸ் வாசகி

2017 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 7, சனிக்கிழமை, நல்ல மழை. பீஷான் அருகே சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, ஏறக்குறைய 20 மணி நேரம் வடக்கு–தெற்குப் பாதையின் ஒரு பகுதி நின்றது. மழைநீர் தேங்கும் குழியில் பம்புகள் இருந்தன. நீர் ஏறினால் அவற்றை இயக்க வேண்டிய ஃப்ளோட் சுவிட்ச் வேலை செய்யவில்லை. நம் வீட்டு மேல்தொட்டியில் இருக்கும் அதே சங்கதிதான், பெரிய அளவில். பிறகு தெரிந்தது இன்னும் மோசம்: 2016 டிசம்பரிலிருந்தே பராமரிப்பு செய்யாமல், செய்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நிறுவனத் தலைவரும் தலைமை நிர்வாகி டெஸ்மண்ட் குவெக்கும் செய்தியாளர்கள் முன் மன்னிப்புக் கேட்டார்கள். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் காவ் பூன் வானும் உடன் இருந்தார். ஆனால் அதே கூட்டத்தில், நிறுவனத்துக்குள் ஆழமாக வேரூன்றிய பணிக் கலாசாரப் பிரச்சினைகள் இன்னும் இருக்கின்றன என்று தலைமை நிர்வாகி சொன்னதுதான் மக்கள் மனத்தில் நின்றது. அது பொய் என்று சொல்ல மாட்டோம். ஐந்து ஆண்டாகத் தலைமையில் இருப்பவர் ‘கலாசாரம்’ என்றால், கீழே வேலை செய்பவர் மேல் பழியைத் தள்ளுவதாகவே காதில் விழும். கலாசாரத்தை உண்டாக்க வேண்டியவரே அவர்தானே?

மனம் ஆறும் மன்னிப்பில் ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற பொது வரி இருக்காது. நடந்ததைப் பெயர் சொல்லிச் சொல்வார்கள்: பம்ப் ஓடவில்லை, சோதிக்கவில்லை, சோதித்ததாக எழுதினோம், மேற்பார்வையாளர் குழிக்குள் இறங்கிப் பார்த்து உறுதிசெய்யும் ஏற்பாடு எங்களிடம் இல்லை, அது என் பொறுப்பு. பிறகு, இன்ன தேதிக்குள் எல்லாக் குழிகளையும் சோதித்து முடிவை வெளியிடுகிறோம். அந்தத் தேதி வந்ததும், யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இரண்டாவது அறிக்கை வராத மன்னிப்பு பாதி மன்னிப்பு.

பத்து லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறைதான் கோளாறு என்கிறார்கள். அப்படியானால் நான் மட்டும் ஏன் அடிக்கடி மாட்டிக்கொள்கிறேன்?
— ஈசூன் வாசகர்

அந்த எண் பொய் இல்லை, ஆனால் நீங்கள் அனுபவிப்பதை அது அளப்பதில்லை. எல்லா ரயில்களும் ஓடிய மொத்தத் தூரத்தை, 5 நிமிடத்துக்கு மேல் தாமதமான கோளாறுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 2017இல் அது 1,81,000 கிலோமீட்டர். 2019இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அது பெரிய முன்னேற்றம், அதை மறுக்கக் கூடாது. தண்டவாளத்தைத் தாங்கும் 1,88,000 மரக் கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் கட்டைகள் போட்டார்கள், மூன்றாவது தண்டவாளத்தை மாற்றினார்கள், சிக்னலைப் புதுப்பித்தார்கள். அத்தனையும் இரவில் செய்த வேலை.

ஆனால் 6 நிமிடத் தாமதமும் ஒரு கோளாறு, ஆறு நாள் அடைப்பும் ஒரு கோளாறு என்றுதான் அந்தக் கணக்கு எண்ணும். 5 நிமிடத்துக்குக் குறைவானவை கணக்கிலேயே வராது. அதனால் இந்த எண்ணை மட்டும் காட்டிப் பெருமைப்படும் நிறுவனம் அடுத்த பெரிய தடையில் இரட்டிப்பாக அடிபடும். பயணிகள் இழந்த மொத்த நேரத்தையும், 30 நிமிடத்துக்கு மேல் நின்ற தடைகளைத் தனியாகவும் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

வார இறுதியில் பாதையை மூடி வேலை செய்கிறார்கள். இரவில் செய்யக் கூடாதா?
— அங் மோ கியோ வாசகர்

இரவில் கிடைப்பது சுமார் மூன்றரை மணி நேரம். அதிலும் மின்சாரத்தை நிறுத்தி, பூமியிணைப்புப் போட்டு, ஆளும் வண்டியும் உள்ளே போய், முடித்ததும் ஒரு திருகுசாவிகூட விடாமல் எண்ணி வெளியே வந்து, பாதையைச் சோதித்து ஒப்படைக்க வேண்டும். கையில் வேலைக்கு மிஞ்சுவது இரண்டு, இரண்டரை மணி. சில வேலைகளை அதற்குள் பாதியில் நிறுத்த முடியாது.

மூடுவதையும் நம்பிக்கை தரும்படி செய்யலாம், கெடுக்கும்படியும் செய்யலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் இரண்டும் நடந்தன. 2022இல் ஆரஞ்சுப் பாதையை 30 நாள் முழுதாக மூடினார்கள். திறந்த பிறகும் பல இடங்களில் ரயில் ஊர்ந்துதான் போனது. ஒரு மாதத் தியாகத்துக்குப் பலன் எங்கே என்று மக்கள் கொதித்தார்கள். 2023 மார்ச்சில், தண்டவாளப் பரிசோதனை ஆவணங்கள் சரியில்லை என்று தெரிந்து, எல்லா சுரங்க ரயில் பாதைகளிலும் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அந்தப் போக்குவரத்து அமைப்பின் தலைமைப் பொறுப்பேற்ற பிலிப் எங், எந்தப் பாதை எந்த நாளில் மூடப்படும் என்ற ஆண்டு முழுமைக்குமான அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டார். வேகம் குறைக்கப்பட்ட இடங்கள் எத்தனை மிச்சம் என்பதை யாரும் இணையத்தில் பார்க்க முடிந்தது. 220க்கு மேற்பட்ட அத்தகைய இடங்களை நீக்கி 2024 டிசம்பரில் முடித்தார்கள். குறைந்துகொண்டே வந்த அந்த எண்தான் விளம்பரம். வேறு எதற்கும் செலவு செய்யத் தேவைப்படவில்லை.

தாமதத்துக்குப் பணம் திருப்பித் தரும் ஊர் உண்டா?
— பொங்கோல் வாசகர்

உண்டு. லண்டன் சுரங்க ரயிலில் நிறுவனத்தின் தவற்றால் 15 நிமிடம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் அந்தப் பயணக் கட்டணத்தைக் கேட்டு வாங்கலாம். ஜப்பானில் பணத்துக்குப் பதில், வேலையிடத்தில் காட்ட தாமதச் சான்று தருகிறார்கள். இங்கும் தடை நேரத்தில் அதுபோன்ற சீட்டு உண்டு. தொகை சிறியதுதான். கேட்காமலே அட்டையில் திரும்பி விழுந்தால் மதிப்பு கூடும்.

அறிவிப்புகள் தமிழிலும் வர வேண்டாமா? என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ரயில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்.
— லிட்டில் இந்தியா வாசகி

கட்டாயம் வர வேண்டும். நெருக்கடி நேரத்தில் உடனுக்குடன் மொழிபெயர்க்க முடியாது என்ற சாக்கு செல்லாது. நிற்கும் காரணங்களும் செய்ய வேண்டியவையும் ஒரு கை எண்ணிக்கைதான். தமிழ் நன்றாகத் தெரிந்தவரைக் கொண்டு முன்பே பதிவுசெய்து, நிலையப் பெயரையும் நிமிடத்தையும் மட்டும் பொருத்திக்கொள்ளலாம். வாக்கியம் பேச்சுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும்: “பீஷானிலிருந்து நியூட்டன் வரை ரயில் ஓடவில்லை. கதவைத் திறக்க முயல வேண்டாம். ஊழியர் வந்து அழைத்துப் போவார். பத்து நிமிடத்தில் மறுபடி சொல்கிறோம்.” பதிவை வெளியிடுமுன் உங்கள் அம்மா வயதில் நாலு பேரை உட்காரவைத்து, ரயில் இரைச்சலோடு சேர்த்து ஒலிக்கவிட்டு, என்ன புரிந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரைச்சலில் எண்கள்தான் முதலில் தொலையும். நிமிடத்தை இரண்டு முறை சொல்லவையுங்கள்.